விளக்குக் கம்பம் வரை

'வரேன்' என்றவரிடம் அக்கா வெறும் 'போ' என்று சொல்லி நான் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் ஒரே ஆளிடம். இரண்டாவது தடவை அவர் சொல்ல வந்தது அது இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம், தெரியவேண்டியவளுக்குத் தெரியவில்லை.

மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வரிசை வீடுகளில் அவருடையது எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் அவர் தும்முவார். பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருபது வருடத்துக்கும் மேலாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் எப்போதோ இறந்துவிட்டார். ஒரே மகள். குட்டையான உருவம், தொள தொளவென்ற பூப்போட்ட சட்டை, முழங்காலில் எந்நேரமும் ஒரு தைல வாசனை.

அவருக்கு 'போ' என்ற சொல் வராது. நம் வீடுகளில் யாரும் கிளம்புகிறவரைப் பார்த்து வெறுமனே 'போ' என்று சொல்ல மாட்டோம், 'போயிட்டு வா' என்போம், அது எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். அக்காவுக்கு அது பழக்கமாக இல்லாமல் ஒரு வியாதியாகவே ஆகியிருந்தது. "'வா'வ ஒட்ட வச்சிடணும் தங்கச்சி. இல்லன்னா சொல்லு மொட்டையா நிக்கும்லா" என்பார். நானோ ஒரு நாளைக்கு நூறு 'போ' சொல்கிறவள். கணவரிடம், அலுவலகத்தில் வந்து நிற்காத லிஃப்டிடம், நாற்பது வெள்ளிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி போன் பண்ணுகிறவர்களிடம். ஒன்றும் ஆகிவிடவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வடிகட்டி விற்கும் ஒருவன் ஒருமுறை வந்தான். ஒரு மணி நேரம் பேசினான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் படியிறங்கும்போது "போயிட்டு வாங்க தம்பி" என்று மனதார வழியனுப்பினார். அடுத்த வாரம் அவன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான்தான் போய்த் துரத்தினேன்.

இன்னொரு நாள் வாசல் கால்வாயில் நல்ல பாம்பு. நான் துடைப்பத்தோடு நாற்காலி மேல் நிற்கிறேன். அக்கா கைகூப்பிக்கொண்டு, "போயிட்டு வா சாமி" என்றார்.

"அலமாக்! அக்கா, அத எதுக்கு வரச் சொல்றீங்க?"

"வாயில வந்திருச்சு தங்கச்சி." பிறகு பாம்பைப் பார்த்துத் திருத்திச் சொன்னார். "சரி சாமி, அவசரமில்ல, மெதுவா வா."

சாவு வீடுகளில்தான் பாவம், திண்டாடிப் போவார். அங்கே கிளம்பும்போது 'வரேன்' என்று சொல்லக்கூடாது. 'போயிட்டு வாங்க' என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். வந்தது போலவே சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட வேண்டும். அக்கா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வருவார். காரில் ஏறிக் கதவைச் சாத்தின பிறகுதான் துண்டை எடுப்பார். நான் கேலி செய்வேன். "நல்லாவா இருக்கு தங்கச்சி, ஒண்ணுமே சொல்லாம வர்றது" என்று அவர் என்னைத்தான் கடிந்துகொள்வார், ஏதோ அந்தச் சம்பிரதாயத்தை நான் கண்டுபிடித்த மாதிரி.

இப்படிப்பட்டவர் மகளிடம் 'போ' என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. நான் என் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மகளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. விடியுமுன் பஸ் ஏறி இருட்டிய பின் வருவாள். அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். அவர் விவாகரத்தானவர், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மாதமாகச் சுவரைத் தாண்டி எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மகள் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்று, "வரேம்மா" என்றாள். அக்கா ரப்பர் குழாயால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"போ."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். மகள் அங்கேயே நின்றாள். மீதிச் சொல் வரும் என்று காத்திருந்தாள் என்று நான் சத்தியம் செய்வேன். வீட்டில் அப்போது மூன்று மாதத்து நாய்க்குட்டி ஒன்று. அது அவளுடைய சப்பாத்துக் கயிற்றைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து கயிற்றை விடுவித்துக்கொண்டு நடந்தாள். அக்கா ஒரே தொட்டியில் தண்ணீர் வழிய வழிய ஊற்றிக்கொண்டே நின்றார்.

அதற்கு இரண்டு வாரத்தில் கொரோனா நோய்க்காகப் பாலத்தை மூடிவிட்டார்கள். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிற பாலம், யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது, இரண்டு வருடம். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளில் ஒருவர் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டார். எல்லாரும் அரசாங்கத்தைத் திட்டினார்கள். அக்கா மட்டும் திட்டவில்லை.

"நான் போன்னு சொன்னேன். பாலத்தையே சாத்திட்டாங்க தங்கச்சி."

"என்னக்கா பேசுறீங்க. உலகம் பூரா மூடிட்டாங்க."

"உலகத்துக்கு அந்தக் காரணம். எனக்கு இது."

கல்யாணம் அங்கேயே பதிவு செய்து நடந்தது. அக்கா படத்தை வேறு யாருடைய போனிலோதான் பார்த்தார். பாலம் திறந்த வாரம் வரிசை வீடுகளில் எல்லாருடைய பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். வாசலில் கட்டிப்பிடித்து அழுகை, சமையல் வாசனை. அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தார், திரைச்சீலை மாற்றினார். அவள் வரவில்லை. மாதம் ஒருமுறை ஒரே ஒரு கேள்வி மட்டும் போனுக்கு வரும். "கோப்பி ஓகேவா?"

கோப்பி அந்த நாய். பண்டார் தெங்காராவில் அக்காவின் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது செம்பனைக் காட்டு ஓரத்தில் கிடந்ததை மகள்தான் தூக்கிவந்தாள். அதன் காப்பி நிறத்தைப் பார்த்து அவள்தான் பெயரும் வைத்தாள். சாயங்காலம் அக்கா கேட்டில் நின்று "கோப்பி! கோப்பி!" என்று கூவுவார். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர், மலாய்க்காரர், மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "தாக் அபா காக், பாரு மினும்" என்றார். வேண்டாம் அக்கா, இப்போதுதான் குடித்தேன் என்று. அக்கா அவருக்கு நிஜமாகவே கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றார்.

தம் மகள் தம்மைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் நாயைப் பற்றி மட்டும் கேட்கிறாளே என்று அக்காவுக்கு வருத்தம் இருந்திருக்கும். காட்டிக்கொண்டதில்லை. அந்தக் கேள்வி வந்த அன்று நாயைக் குளிப்பாட்டி, படம் எடுத்து, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னிடம் வருவார். நாய் இருக்கிறவரை அந்தக் கேள்வி வரும். அவருக்கு அது போதுமாக இருந்தது. அதனால்தான் எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர் பாக் சிக் வந்து பேசிய அன்று அவர் அப்படி நடுங்கிப் போனார்.

கோப்பி சொல் பேச்சுக் கேட்காத நாய். செருப்புகளை ஜோடியில் ஒன்றாகத் தின்னும். கேட்டைத் தாண்டும். எதிர்வீட்டு முன்கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த வீட்டுப் பாக் சிக் ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர், தொழுகைக்குப் போகிற மனிதர், வாசலைத் தினம் கழுவி வைத்திருப்பார். நாய் படுத்த இடத்தை அவர் மறுபடியும் முறையாகக் கழுவ வேண்டும். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "காக், என் மருமகன்தான் மாநகர் மன்றத்துக்கு போன் பண்ண வேண்டும் என்கிறான். நான் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் கொஞ்சம் பழக்கிப் பாருங்கள்" என்று மலாயில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மாநகர் மன்றத்து நாய் வண்டி வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அவ கேட்டா என்ன சொல்லுவேன் தங்கச்சி?" என்றார் அக்கா.

ஆகவே பயிற்சி தொடங்கியது. ஆசிரியை நான். போனில் நான்கைந்து வீடியோ பார்த்த தகுதி போதாதா. ஒரு செயலுக்கு ஒரே சொல். சின்னச் சொல். ஒரே குரல். செய்தவுடனே ஒரு பிஸ்கட்.

நாய்க்கு இங்கிலீஷ்தான் புரியும் என்பது அக்காவின் நம்பிக்கை. "சிட்" என்றார். கோப்பி அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. மலாயில் பார்ப்போம் என்று கையை ஓங்கி "டுடோக்!" என்று அதட்டினார். எதிர்வீட்டில் நாற்காலியை விட்டு எழுந்த பாக் சிக் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். நாய் உட்காரவில்லை. கடைசியில் தமிழுக்கு வந்தோம். 'உக்காரு' என்ற ஒரே சொல்லோடு நிறுத்த அவரால் முடியாது. "உக்காரும்மா கண்ணு, எவ்ளோ நேரந்தான் நிப்ப, உக்காந்தா கால் வலிக்காதுலா" என்று போய்க்கொண்டே இருக்கும். கோப்பி அதைக் கதை போலக் கேட்டுக்கொண்டு வாலாட்டும். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

"அக்கா, இதெல்லாம் விடுங்க. அது பாக் சிக் வாசலுக்குப் போறப்போ விரட்டுறதுக்கு ஒரு சொல்லு வேணும். 'போ'. அத மட்டும் பழக்குங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "அந்தச் சொல்லு வேணாம்."

"நாய்க்குத்தானேக்கா."

"அது அவளோட நாய்."

பிறகு அவராகவே ஒரு பாடம் கண்டுபிடித்தார். எங்கள் வரிசை முடிகிற மூலையில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு. கேட்டிலிருந்து அந்தக் கம்பம் வரை கோப்பியைக் கூட்டிப்போவார். கம்பத்தைத் தட்டிக் காட்டுவார். திரும்பக் கூட்டிவருவார். கேட்டில் வந்ததும் ஒரு மேரி பிஸ்கட். கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் "போயிட்டு வா" என்பார். காலை பத்து தடவை, மாலை பத்து தடவை, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. இது எந்த வீடியோவிலும் இல்லாத பாடம், நாய் இரண்டு சொல்லைக் குழப்பிக்கொள்ளும் என்று நான் சொன்னேன். இரண்டாவது வாரம் அவர் கேட்டில் நின்றுகொண்டே "போயிட்டு வா" என்றார். கோப்பி பாய்ந்து ஓடிக் கம்பத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து அவர் முன்னால் உட்கார்ந்தது. உட்காரச் சொல்லி யாரும் பழக்கவில்லை. பிஸ்கட்டுக்காக அதுவாகவே உட்கார்ந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

அதற்குப் பிறகு நடந்த கூத்துதான் எங்கள் தாமானில் இன்றைக்கும் பேச்சு. அக்கா யாரைத்தான் 'போயிட்டு வா' சொல்லாமல் அனுப்புவார்? என் கணவர் காலையில் மோட்டார் சைக்கிளை எடுப்பார், அக்கா கேட்டிலிருந்து வழக்கம்போல, "போயிட்டு வாங்க தம்பி" என்பார், கோப்பி மோட்டார் சைக்கிளுக்குக் காவலாகக் கம்பம் வரை ஓடும். காஸ் உருளை கொண்டு வருகிற சீனக் கிழவருக்கு, கோவில் ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்களுக்கு, எல்லாருக்கும் அந்த மரியாதை உண்டு. வந்தவர் எல்லாரையும் கம்பம் வரை கொண்டு போய் விட்டுவிட்டு, திரும்பி வந்து பிஸ்கட் கேட்கும்.

பாக் சிக்கும் கவனித்து அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் கோப்பி அவர் வாசலில் படுத்திருந்தபோது, தமிழில், "போய்த்து வா!" என்றார். அது உடனே எழுந்து ஓடியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நிமிடத்தில் கம்பத்தைச் சுற்றிவிட்டு நேராக அவர் வாசலுக்கே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. பாக் சிக் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு டின் பிஸ்கட்டை அவரே வாங்கி அக்கா வீட்டுக் கேட்டில் வைக்கச் சொல்லிவிட்டார். பிஸ்கட் அக்கா வீட்டுக் கேட்டில்தான் கிடைக்கும் என்று தெரிந்ததும் கோப்பி அந்த வாசலை மறந்தது. நாய் வண்டிப் பயமும் தீர்ந்தது.

அதை வீடியோ எடுத்தது நான்தான். கேட்டில் அக்கா, அவர் குரல், "போயிட்டு வா", கோப்பி ஓடுகிறது, கம்பம், திரும்பி வருகிறது. நான்கு முறை எடுக்க வைத்தார். மூன்று முறை அவருக்குக் குரல் கம்மிவிட்டது. நாய்க்குக் கட்டளை கொடுக்க எதற்குக் குரல் கம்ம வேண்டும் என்று நான் கேட்கவில்லை, எனக்கும் அவ்வளவு அறிவு உண்டு. மகளுக்கு அனுப்பினோம். இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது, பார்த்துவிட்டாள். பதில் மறுநாள்தான் வந்தது. "நல்லா பழக்கிட்டீங்க."

அக்கா அந்த இரண்டு வார்த்தையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். "இதுல கோவம் இருக்கா தங்கச்சி? நீ படிச்சவ, பாத்துச் சொல்லு."

"இல்லக்கா, நல்லாத்தான் எழுதியிருக்கா. பேசாம நீங்களே போன் பண்ணி அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புன்னு சொல்லிடுங்களேன்."

"போன்ல சொல்ற சொல்லா அது? வாசல்ல நின்னு சொன்னேன். வாசல்ல நின்னுதான் சொல்லணும். அவ ஒரு தடவ வந்துட்டுக் கிளம்பினா போதும். நான் நின்னு 'போயிட்டு வா'ன்னு சொல்லிடுவேன். அப்புறம் அவ வர்றதும் வராததும் அவ இஷ்டம்லா."

எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை பிடிவாதமா என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாய்க்குப் பிஸ்கட் எடுக்க எழுந்து போனார்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். சமையலறைத் தரையில் கிடந்தார். உயிர் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மூளையில் இரத்தம் அடைத்து, பேச்சு வருகிற இடம் கெட்டுப்போயிருக்கிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நாம் பேசுவது அவருக்குப் புரியும், ஆனால் சொல்ல நினைப்பது வாயில் வராது, சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும் என்றார் டாக்டர்.

அக்காவுக்கு மிஞ்சியது 'போ'.

"தண்ணி வேணுமாக்கா?" "போ." "வலிக்குதாக்கா?" "போ." தாதி ஒருத்திக்கு, தமிழ்ப் பெண்தான், கோபமே வந்துவிட்டது. என்ன இவங்க எல்லாரையும் விரட்டுறாங்க என்றாள். அக்கா அவளைப் பார்த்து இடது கையால் தன் வாயையே அடித்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் அவர் ஒட்டவைத்த அந்த 'வா' மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்ததாக நான் செய்ததுதான் என்னால் மன்னிக்க முடியாதது. மகளுக்கு போன் பண்ணினேன். அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், மோசமாக இருக்கிறார் என்றேன். அவள் அழுதாள். "அம்மாகிட்ட குடுங்கக்கா" என்றாள். பேச்சு சரியாக வரவில்லை என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அவள் குரலைக் கேட்டால் அக்காவுக்குப் பேச்சு வந்துவிடும் என்று ஒரு நப்பாசை, ஓர் அவசரம். போனை அக்காவின் காதில் வைத்தேன். அவள் பேசுவது எனக்கும் கேட்டது.

"அம்மா. நான் வரேம்மா."

"போ" என்றார் அக்கா.

"அம்மா?"

"போ. போ." கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. போனைப் பிடித்திருந்த என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு முழுப் பலத்தோடு அந்தச் சொல்லைத் தாண்டப் பார்த்தார். "போ."

இணைப்பு அறுந்தது. நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வெளியே வந்து எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், டாக்டர் சொன்னதையும் சேர்த்து. நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. மறுநாள் விடிகாலையில் அக்கா போய்விட்டார். இதை எழுதும்போதுகூட 'போய்விட்டார்' என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

மகள் வந்தாள். பாலத்தில் நெரிசலில் நான்கு மணி நேரம் நின்று, குளிப்பாட்டுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தாள். அழவில்லை. தாயின் காலடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கோப்பி வந்து அவள் அவிழ்த்துப் போட்டிருந்த சப்பாத்தை முகர்ந்தது. கயிற்றை வாயில் பிடித்து, பிறகு விட்டுவிட்டது. "என்னைய மறந்திருச்சு" என்றாள் என்னைப் பார்த்து. அவ்வளவுதான்.

பண்டார் தெங்காராவிலிருந்து வந்திருந்த அக்காவின் அண்ணன் கொள்ளி வைக்கப் போனார். ஆண்கள் எல்லாரும் போன பிறகு நான் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ப் பேசினேன். அவள் அம்மா சொல்ல வந்தது வேறு என்றேன். ஆறு வருடமாக அதைச் சொல்லத்தான் காத்திருந்தார் என்றேன். வீடியோவைப் பார்த்தாயே, அது யாருக்குச் சொன்ன சொல் என்று நினைத்தாய் என்றேன்.

"பாத்தேன்க்கா. கோப்பிக்குச் சொன்னாங்க." கழுவித் துடைத்து வைத்திருந்த அம்மாவின் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "எனக்குச் சொல்லலையே. ரெண்டு தடவ நான் வரேன்னு சொன்னேன். ரெண்டு தடவையும் என்ன பதில் வந்துச்சுன்னு நீங்களும் கேட்டீங்க."

அதற்குள் யாரோ வந்து விளக்குக்கு எண்ணெய் எங்கே என்று கேட்டார்கள்.

அன்று நாள் முழுக்க கோப்பி கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தது. உட்காரத் தெரியாத நாய் என்று நாங்கள் கேலி செய்த நாய். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவரும் செருப்பை மாட்டும்போது காதை நிமிர்த்தி அவர்கள் முகத்தையே பார்த்தது. சாவு வீட்டில் யார் சொல்வார்கள்? பாக் சிக் மட்டும் வழக்கம் தெரியாமல் வாயெடுத்தார். என் கணவர் அவர் தோளைத் தொட்டு வேண்டாம் என்று தலையசைத்தார்.

மாலையில் மகள் கிளம்பினாள். அங்கே கணவரின் மகளுக்குக் காய்ச்சல், இருக்க முடியாது என்றாள். பதினாறாம் நாளுக்கு வருவாயா என்று அவள் மாமா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பதினாறாம் நாள் வந்தது, முடிந்தது, அவள் வரவில்லை. இன்று வரை வரவில்லை. கோப்பி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. "கோப்பி ஓகேவா" என்றும் யாரும் கேட்பதில்லை.

அன்று மாலை கேட்டுக்கு வெளியே வாடகைக் கார் நின்றது. அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். போனவள் நின்றாள். ஆறு வருடத்துக்கு முன் நின்ற அதே இடம். திரும்பிப் பார்த்தாள். அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சொல்லாம போம்மா" என்றார் மாமாவின் மனைவி பின்னாலிருந்து. "திரும்பிப் பாக்காத."

அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும், அவள் எதற்கு நிற்கிறாள் என்று. அந்த வாசலில் நின்று அதைச் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை. நான் வாயைத் திறந்தேன். பின்னால் பத்துப் பெண்கள், அலம்பிய வாசல் இன்னும் ஈரம் காயவில்லை. சொன்னால் அபசகுனம் என்பார்கள், சாவு திரும்ப வரும் என்பார்கள். ஒரு நாளைக்கு நூறு 'போ' சொல்கிற எனக்கு, எதற்கும் பயப்படாத எனக்கு, அன்றைக்குப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. நான் குனிந்து நாயின் தலையைத் தடவினேன்.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கார் விளக்குக் கம்பத்தைத் தாண்டித் திரும்பி மறைந்தது. பெண்கள் உள்ளே போனார்கள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

"போயிட்டு வா."

காலையிலிருந்து அதற்காகக் காத்திருந்த கோப்பி பாய்ந்து ஓடியது. கம்பத்துக்குப் போய், கார் போன பக்கம் ஒருமுறை பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, சொன்னபடியே திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து என் கையைப் பார்த்தது. நான் பிஸ்கட் கொண்டுவரவில்லை.

"அவ வரல கோப்பி" என்றேன். "நீ மட்டும் வந்துட்ட."